அடிஷாம் பங்களாவும் ஒரு தகரத் துண்டும்

அப்புத்தளைக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களோடு திரும்பிவிடுவார்கள். ஒன்று லிப்டன் சீட், மற்றது அடிஷாம் பங்களா. முதலாவதில் பனிமூட்டம் பார்க்கலாம், இரண்டாவதில் ஜாம் போத்தல் வாங்கலாம். இரண்டுக்கும் போகிற வழியில் லயங்கள் இருக்கின்றன. அவற்றை யாரும் பார்க்க வருவதில்லை, படம் பிடிக்க வேண்டுமானால் வருவார்கள்.

அடிஷாம் 1931இல் கட்டப்பட்ட கல்வீடு. பழைய இங்கிலாந்துப் பாணி. கென்ட் மாவட்டத்து லீட்ஸ் கோட்டையை மனதில் வைத்துக் கட்டியது என்பார்கள். 1960களின் தொடக்கத்திலிருந்து அது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். தேயிலை மலைக்கு நடுவில் இப்படியொரு கோட்டை எதற்கு என்று கேட்டால் அதன் பெயரிலேயே விடை இருக்கிறது. அடிஷாம் என்பது கென்டில் ஒரு சின்னக் கிராமம். இந்த வீட்டைக் கட்டிய சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1869இல் பிறந்தது அங்கேதான். அவருடைய அப்பா அந்த ஊர்ப் பாதிரியார். பிறந்த ஊரின் பெயரைத் தூக்கிக்கொண்டு வந்து ஊவா மலையில் நட்டுவிட்டார், அவ்வளவுதான். நம்ம ஆட்களும் ஊரிலிருந்து பிடிமண் எடுத்துக்கொண்டு வந்தவர்கள்தான். அதைப் பிறகு பேசுவோம்.

தோமஸ் வில்லியர்ஸ் 1887இல் கையில் 10 பவுணோடு இலங்கைக்கு வந்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். தோட்டத்தில் வேலை பழகுகிற 'கிரீப்பர்' ஆகத் தொடங்கி, ஜோர்ஜ் ஸ்டுவார்ட் கம்பனியின் தலைவராகி, சட்டநிரூபண சபையில் உட்கார்ந்து, 1933இல் 'சேர்' பட்டம் வாங்கினார். ஏழைப் பையன் முன்னுக்கு வந்த கதை மாதிரித் தோன்றும். ஆனால் அந்தப் பையனுடைய அம்மாவின் அப்பா லோர்ட் ஜோன் ரசல், இரண்டு தடவை பிரித்தானியப் பிரதமராக இருந்தவர். அப்பாவின் அப்பா டர்ஹம் நகரத்து ஆயர். அந்த ஆயரின் அண்ணன் கிளாரண்டன் பிரபு, பிரித்தானிய வெளிநாட்டமைச்சர். மெய்யியலாளர் பேர்ட்ரண்ட் ரசலும் அதே ஜோன் ரசலின் பேரன்தான். ஜோன் ரசலுக்கு இரண்டு மனைவிகள், தோமஸ் முதல் தாரத்து வழி, பேர்ட்ரண்ட் இரண்டாம் தாரத்து வழி. போருக்கு எதிராகப் பேசிச் சிறைக்குப் போனவரும் தேயிலைத் தோட்டங்களை ஆண்டவரும் ஒரே தாத்தாவின் பேரர்கள்!

10 பவுண் உண்மையாகவே இருக்கலாம். அந்த 10 பவுணுக்குப் பின்னால் நின்ற பெயரைத்தான் பார்க்க வேண்டும்.

வில்லியர்ஸ் குடும்பத்துக்கு ஒரு கேடயச் சின்னம் உண்டு. வெள்ளித் தளம், அதன் மேல் சிவப்புச் சிலுவை, சிலுவையின் மேல் ஐந்து பொன்னிறச் சிப்பிகள். விசிறி மாதிரி விரிந்த சிப்பி. மத்திய கால ஐரோப்பாவில் ஸ்பெயினின் சந்தியாகோ கோயிலுக்கு யாத்திரை போனவர்கள் அடையாளமாக அந்தச் சிப்பியைக் குத்திக்கொண்டு திரும்புவார்கள். வில்லியர்ஸ் குடும்பத்தில் சொல்லும் கதை வேறு: முன்னோர் ஒருவர் சிலுவைப்போருக்குப் போனாராம், அதனால் இந்தச் சின்னமாம். கேடயத்தின் கீழே ஓர் இலத்தீன் வாசகம், சிலுவையே விசுவாசத்தின் உரைகல் என்று பொருள்படும். முதலாம் ஜேம்ஸ் மன்னரின் செல்லப்பிள்ளையாக இருந்து இங்கிலாந்தையே ஆட்டிப்படைத்த பக்கிங்ஹம் கோமகன் ஜோர்ஜ் வில்லியர்ஸ் தூக்கியதும் இதே ஐந்து சிப்பிக் கேடயம்தான்.

இந்தக் கேடயச் சின்னம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்கவேண்டும். இரும்புக் கவசம் போட்டு முகத்தை மூடிக்கொண்டு சண்டை போட்ட காலத்தில், தூரத்திலிருந்து யார் எவர் என்று தெரிய ஓர் அடையாளம் தேவைப்பட்டது. 12ஆம் நூற்றாண்டில் அப்படித் தொடங்கியது, பிறகு சொத்தாக மாறிவிட்டது. அப்பாவிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு. இன்னொருவன் எடுத்துப் போட்டுக்கொண்டால் வழக்கு. இங்கிலாந்தில் இதைக் கவனிக்க 1484இலிருந்து ஓர் அரச நிறுவனமே உண்டு. 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் அதன் அதிகாரிகள் குதிரையில் ஏறி மாவட்டம் மாவட்டமாகப் போய், "இந்தக் கேடயத்தை எந்த உரிமையில் வைத்திருக்கிறாய், உன் அப்பா யார், அவருடைய அப்பா யார்" என்று விசாரித்து எழுதிவைத்தார்கள். சரியான பதில் சொல்லமுடியாதவனின் பெயரைப் பகிரங்கமாக நீக்கினார்கள். இன்றைக்குப் பிரபுக் குடும்பங்களின் வம்சாவளி பக்கம் பக்கமாகப் புத்தகத்தில் கிடைக்கிறது என்றால் காரணம் அவர்களுடைய ஞாபகசக்தி இல்லை. எழுதிவைக்க ஓர் அரசு இருந்தது, எழுதியதைக் காப்பாற்ற ஒரு கட்டடம் இருந்தது.

"அப்பா யார், அவருடைய அப்பா யார்" என்ற அந்தக் கேள்வியை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்க.

இன்னொரு விதியும் இருக்கிறது, அதுதான் நம்ம மலைக்கு நேரே தொடர்புள்ளது. பட்டமும் நிலமும் மூத்த மகனுக்கு மட்டும். இளையவர்களுக்குக் குடும்பப் பெயரும் கேடயமும் உண்டு. கேடயத்தில் இளையவன் என்று காட்ட ஒரு பிறையோ நட்சத்திரமோ சின்னதாகப் போட்டுவிடுவார்கள். சோறு போடாத சின்னம். எனவே இளைய மகன்கள் திருச்சபைக்கும் இராணுவத்துக்கும் குடியேற்ற நாடுகளுக்கும் போனார்கள். வில்லியர்ஸ் குடும்பத்திலேயே பாருங்க: மூத்தவர் கிளாரண்டன் பிரபு, தம்பி ஆயர், ஆயரின் மகன் கிராமத்துப் பாதிரியார், பாதிரியாரின் மகன் தேயிலைத் தோட்டத்தில் 'சின்னத்துரை'. ஒவ்வொரு தலைமுறையும் பட்டத்திலிருந்து ஒரு படி தள்ளிப்போகிறது, கடைசிப் படி ஊவாவில் வந்து முடிகிறது. மலையகத்தில் 'துரை' என்று நாம் சொன்ன ஆட்களில் இப்படிப்பட்ட இளைய பிள்ளைகள் கொஞ்சப்பேர் இல்லை.

பட்டம் இல்லாவிட்டாலும் உறவு வேலை செய்யும். 1848இல் புதிய வரிகளுக்கு எதிராக மாத்தளையில் மக்கள் எழுந்தபோது அதை இராணுவச் சட்டம் போட்டு அடக்கிய தேசாதிபதி டொரிங்டன் பிரபு. வயது 40கூட ஆகவில்லை, குடியேற்ற நாட்டு நிர்வாகம் பழகியவரும் இல்லை. ஆனால் அப்போதைய பிரதமருக்குச் சொந்தக்காரர். பிரதமர் யார்? அதே ஜோன் ரசல், தோமஸின் தாத்தா. குடும்ப மரம் என்பதைச் சுவரில் மாட்டும் படம் என்று நினைத்தால் இந்த மாதிரி இடத்தில் பிடி கிடைக்காது.

அடிஷாம் நிற்கிற மண்ணுக்கும் ஒரு பழைய சின்னம் இருந்தது. கண்டி இராச்சியத்தில் ஒவ்வொரு திசாவைக்கும் கொடி உண்டு. ஊவாவின் கொடியில் அன்னப்பறவை. இன்றும் ஊவா மாகாணக் கொடியில் அந்த அன்னம்தான் நிற்கிறது. 1817-18இல் இதே ஊவாவில் ஆங்கிலேயருக்கு எதிரான கிளர்ச்சி வெடித்தது. அதை அடக்க வந்த படை வெல்லஸ்ஸையின் வயல்களையும் வீடுகளையும் எரித்தது, தலைமை தாங்கிய கெப்பெட்டிபொலவின் தலையை வெட்டியது. அன்னத்துக்குப் பிறகுதான் கோப்பி, கோப்பிக்குப் பிறகு தேயிலை, அதற்கும் பிறகுதான் சிப்பி.

ஐரோப்பியக் குடும்பக் கேடயம் ஒன்று இலங்கை வந்தது வில்லியர்ஸோடு முதல் தடவை அல்ல. இங்கே ஜெர்மனியின் பவேரியப் பக்கம் ஒரு நடை போய்வரலாம். நூரன்பெர்க் நகரத்தை ஆண்டது பிரபுக்கள் இல்லை, வணிகக் குடும்பங்கள். நம்ம ஊர்ச் சொல்லில் பெட்டியடிக்காரர்கள். 1521இல் அந்த நகரத்தில் ஒரு விதி எழுதினார்கள்: நகர மண்டபத்தில் நடக்கும் நடனத்துக்கு எந்தெந்தக் குடும்பத்தை அழைக்கலாம் என்று. அந்தப் பட்டியலில் இருந்தால் ஆளும் குடும்பம், இல்லாவிட்டால் வெறும் பணக்காரன். உள்ளே இருந்தவற்றில் ஒன்று இம்ஹோப் குடும்பம். மிளகும் குங்குமப்பூவும் விற்றுப் பெருத்தவர்கள். அவர்கள் கேடயத்தில் சிவப்புத் தளத்தில் மீன்வால் கொண்ட பொன் சிங்கம். 1505இல் அல்மெய்தாவின் தலைமையில் இந்தியாவுக்குப் புறப்பட்ட போர்த்துக்கேயக் கப்பல்களில் முதல் போட்ட ஜெர்மன் வணிகர்களில் இம்ஹோப்களும் இருந்தார்கள். அந்த அல்மெய்தாவின் மகன் லொரென்சோதான் போர்த்துக்கேயரை முதன்முதலில் இலங்கைக் கரைக்குக் கொண்டுவந்தது.

அதே குடும்பத்தின் ஒரு கிளையில் வந்தவர் குஸ்தாவ் வில்லெம் வான் இம்ஹோப், 1736 முதல் 1740 வரை இலங்கையின் ஒல்லாந்துத் தேசாதிபதி. அவர் காலத்தில்தான் கொழும்பில் அச்சுக்கூடம் இயங்கத் தொடங்கி 1737இல் முதல் சிங்களப் புத்தகம் அச்சானது. தமிழ் நூல்களும் பின்னாலேயே வந்தன. அவர் காலத்தில்தான் கண்டியில் சிங்கள அரச வழி முடிந்து 1739இல் நாயக்கர் வழி அரியணை ஏறியது. அப்போது ஊவா கண்டி மன்னனுடையது, ஒல்லாந்தருக்குக் கரையும் கறுவாவும் மட்டும். இம்ஹோப்களில் இன்னொருவர், கார்ல், 1769இல் ஓவியராகப் பிழைக்க மதராசுக்கே வந்தார். அதே கப்பலில் வந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் அவருடைய மனைவியைக் காதலித்துப் பிற்பாடு கல்யாணமே செய்துகொண்டது தனிக் கதை.

கேடயம் போர்வீரனுக்கு மட்டும் சொந்தம் இல்லை, மிளகு மூட்டைக்காரனும் போட்டுக்கொண்டான் என்று காட்டத்தான் இம்ஹோப்களை இழுத்தேன். வியாபாரம் முதலில், சின்னம் பிறகு. வில்லியர்ஸ் கதை தலைகீழ்: சின்னம் முதலிலேயே இருந்தது, வியாபாரம் பிறகு. அவர் 1940இல் எழுதிய 'மேர்கன்டைல் லோர்' என்ற புத்தகமே கொழும்பின் பிரித்தானிய வணிக நிறுவனங்களின் வரலாறுதான். நிறுவனத்துக்கும் ஒரு வம்சாவளி எழுதிவிட்டார் மனுஷன்.

பக்கத்துத் தம்பேதன்ன மலையின் தோமஸ் லிப்டனுக்கு அதுவும் தேவைப்படவில்லை. கிளாஸ்கோவில் சின்னக் கடை வைத்திருந்த ஐரிஷ் குடும்பத்துப் பிள்ளை. 1890இல் ஊவாவில் தோட்டங்களை வாங்கினார். 1902இல் வழிவழியாக வரும் பரனெட் பட்டமும் கிடைத்தது. ஆனால் கல்யாணம் செய்யவில்லை, 1931இல் இறந்தார், பட்டம் அவரோடு முடிந்தது. அடிஷாம் எழும்பிய அதே வருஷம். இன்றைக்கு ஐந்து சிப்பியை அப்புத்தளையில் யாருக்கும் தெரியாது, லிப்டன் என்ற பெயர் உலகத்தின் எந்தக் கடையிலும் தொங்குகிறது. கேடயத்தை வர்த்தகக் குறி ஜெயித்துவிட்டது என்றுதான் சொல்லவேண்டும்.

சரி, இந்த மலையில் கொழுந்து பறித்தவர்களுக்கு என்ன சின்னம் இருந்தது?

இருந்தது. தகரத்தில். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு ஆள் கொண்டுவரும்போது ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு தகரத் துண்டைத் துளை போட்டுக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். அதில் மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண். முகாமில் இருப்பவர் அதைப் பார்த்து இந்த ஆள் எந்த ரயிலில் ஏறவேண்டும் என்று முடிவு செய்வார். வழிச் செலவும் சாப்பாட்டுச் செலவும் அந்த எண்ணுள்ள தோட்டத்தின் கணக்கில் ஏறும், தோட்டம் அதைக் கங்காணியின் கணக்கில் ஏற்றும், கங்காணி ஆளின் தலையில் ஏற்றுவார். ரயில்பாதை 1893இல் அப்புத்தளைக்கும் 1924இல் பதுளைக்கும் வந்து சேர்ந்தது. அதற்கு முந்தியவர்கள் மன்னார்க் காட்டுவழியே நடந்து வந்தவர்கள், அவர்களில் எத்தனையோ பேர் வழியிலேயே விழுந்தார்கள்.

கேடயமும் தூரத்திலிருந்து ஆளை அடையாளம் காட்டும், தகரத் துண்டும் காட்டும். கேடயம் அதைத் தூக்குகிறவன் யாருடைய மகன் என்று சொல்கிறது. தகரத் துண்டு அதைத் தொங்கவிட்டிருப்பவன் யாருக்குக் கடன்காரன் என்று சொல்கிறது. அப்பன் பெயருக்கு அதில் இடமே கிடையாது. 'துண்டு' என்ற சொல்லே மலையகத்தில் கடனோடு ஒட்டியது: ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாறவேண்டுமென்றால், இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவோம் என்று பழைய துரை எழுதித்தரும் கடதாசிக்கும் அதே பெயர்தான். 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள்.

தோட்டத்துக்குள்ளே வந்த பிறகு பெயர் செக்ரோலில் ஏறும். ஏற்றுகிறவர் கணக்கப்பிள்ளை, ஆங்கில எழுத்தில். முத்துசாமி எத்தனை விதமாக எழுதப்பட்டிருப்பார் என்று உங்க வீட்டுப் பழைய கடதாசிகளைப் பார்த்தாலே தெரியும். தாத்தா பிறப்புச் சான்றிதழில் ஒரு ஆள், செக்ரோலில் ஒரு ஆள், அடையாள அட்டையில் மூன்றாவது ஆள். ஒரே தோட்டத்தில் நான்கு ராமசாமி இருந்தால் 'இன்ன கங்காணி ஆள்' என்று பிரிப்பார்கள். அங்கேயும் அப்பன் பெயர் இல்லை, கங்காணி பெயர்.

அப்படியென்றால் லயத்தில் வம்சாவளியே இல்லையா என்றால், இல்லாமல் என்ன, குலதெய்வம் இருந்தது. ஊர்க் கோயிலிலிருந்து பிடிமண் கொண்டுவந்து தேயிலை மலையில் ஒரு மரத்தடியில் மாடசாமியையோ முனியாண்டியையோ உட்காரவைத்தார்கள். ஒரே குலதெய்வம் என்றால் பங்காளி, பெண் எடுக்கக் கூடாது. ஆண் வழியில் மட்டும் இறங்கும், பெண் கல்யாணம் ஆனால் புருஷன் வீட்டுச் சாமிக்கு மாறுவாள். அசப்பில் இது கேடயச் சின்னத்தின் வேலையேதான், யார் யாருக்கு இரத்த உறவு என்று ஓர் அடையாளத்தால் பிரிப்பது. இதைப் பெருமையாக மட்டும் சொல்லிவிட முடியாது. அதே அடையாளம்தான் லயத்தில் எந்தச் சாதி எந்தக் காம்பராவில், திருவிழாவில் முதல் மரியாதை எந்தக் கங்காணி வீட்டுக்கு என்பதையும் முடிவு செய்தது. அங்கேயும் ஒரு நடனப் பட்டியல் இருந்தது. ஆனால் 'எங்க ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்' என்பதற்கு லயத்துக்குள் இருந்த பதில் அது ஒன்றே. எழுத்தில் கிடையாது, சாமி கும்பிடுகிற வழக்கத்தில் இருந்தது.

அந்தப் பதிலை அரசு ஏற்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாக இருக்க, அவருடைய அப்பா இலங்கையில் பிறந்திருக்கவேண்டும். அல்லது அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் இங்கே பிறந்திருக்கவேண்டும். அம்மா எங்கே பிறந்தாள் என்பது கணக்கிலேயே இல்லை. இப்போது அந்தக் குதிரைமேல் வந்த அதிகாரிகளின் கேள்வியை எடுத்துப் பாருங்க: உன் அப்பா யார், அவருடைய அப்பா யார். அதே கேள்வி, அதே ஆண் வழி. இங்கிலாந்தில் அதற்குப் பதில் சொல்லாதவன் ஒரு படத்தை இழந்தான். இங்கே நாட்டை இழந்தான்.

இதில் உள்ள அநியாயம் என்னவென்றால், தீவு முழுவதற்குமான பிறப்புப் பதிவு என்பதே 1867ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தொடங்குகிறது. 1948இல் 50 வயதான ஒருவருடைய பூட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்கவே முடியாது. சிங்களக் கிராமத்தவருக்கும் அது இருந்திருக்காது, ஆனால் அவரிடம் யாரும் கேட்கவில்லை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 பேரைப் பாராளுமன்றம் அனுப்பியிருந்தது. 1952 தேர்தலில் அந்த மக்களில் பெரும்பாலோரின் பெயர் வாக்காளர் பட்டியலிலேயே இல்லை. 1949இல் இந்திய-பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் என்று ஒரு வழி திறந்தார்கள். தடையில்லாமல் இத்தனை வருஷம் இங்கேயே இருந்ததாகக் காட்டு என்றது அது. ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின, பதிவானவர்கள் 1,34,000 அளவில்தான். மிச்சப்பேரை 1964 அக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் எண்களாகப் பிரித்துக்கொண்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, பிறகு பேசிக்கொள்ள 1,50,000. தகரத் துண்டின் கணக்கு முறை அந்த மேசைவரைக்கும் வந்திருந்தது. ஊவாவிலிருந்தும் குடும்பங்கள் பிரிந்து போயின, அண்ணன் பதுளையில், தம்பி நீலகிரியில். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்தான், 1964 அக்டோபர் 30இலிருந்து இங்கே நிரந்தரமாக வாழ்ந்தவருக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை என்று சொல்லிப் பூட்டனைத் தேடுவதை நிறுத்தியது. 55 வருஷம்.

அதன் பிறகும் காகிதம் முழுதாகச் சேர்ந்துவிட்டது என்று சொல்லமுடியாது. லயக் காம்பராவுக்குத் தனி விலாசம் கிடையாத தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன, கடிதம் ஒப்பீசுக்கு வந்து அங்கிருந்துதான் கை மாறும். 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கை வந்திருந்தது. சரிந்த பிறகு உள்ளே இருந்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி வந்தது. முதல் நாட்களில் நூற்றுக்கணக்கில் சொன்னார்கள், அப்புறம் எண் குறைந்தது, மறுபடி மாறியது, ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு எண் சொன்னது. மீரியபெத்தையும் அடிஷாமும் ஒரே பதுளை மாவட்டத்தில்தான் இருக்கின்றன. பங்களாவைக் கட்டியவரின் முன்னோர் பட்டியலை இன்றும் யாரும் பல நூற்றாண்டுகள் பின்னோக்கி வரிசையாகச் சொல்லலாம். அந்தக் காலையில் லயத்தில் இருந்தவர்களின் பட்டியலைத் தயாரிக்க, தப்பியவர்களை முகாமில் உட்காரவைத்து வீடு வீடாக, பெயர் பெயராகக் கேட்க வேண்டியிருந்தது.